ஜாந்தார்ம் வீட்டு வைஃபை

1

இந்தக் கதை ஒரு வைஃபை பெட்டி கெட்டுப்போனதிலிருந்து பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. கனவில் ஒரு வரி வந்தது, ரயிலில் ஒரு முகம் பார்த்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளும் எழுத்தாளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு வந்தது ஒரு போன். "தம்பி, பெட்டி மறுபடியும் செத்துப்போச்சு" என்றார் மத்லேன் அம்மா.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

காரைக்கால் கடற்கரையில் மாலை வெயில் மெல்லச் சரிய, தொலைவில் ஒரு கப்பல்—

(வேண்டாம். கப்பலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. கடலுக்கும் ஒரே வேலைதான்: உப்புக்காற்றை அனுப்பி வயர் முனைகளில் பச்சை பூக்க வைப்பது.)

பிறகு இப்படி:

யாரும் எடுத்துத் திருத்தலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று எழுதப்படும் மென்பொருள் மனிதகுலத்தின் மகத்தான—

(கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டால் இதை அனுப்பிக்கொள்ளலாம்.)

மூன்றாவது தொடக்கம்:

நத்தாலி வாசல் கம்பிக்கதவைத் திறந்துகொண்டு—

இதை அடிக்க மனம் வரவில்லை. அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தவள் உள்ளே வந்தாளா என்பது எனக்கே இன்னும் தெரியாது.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மத்லேன் அம்மா அறுபதைத் தாண்டியவர். கணவர் பிரான்சுவா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், ஊர்ப்பேச்சில் சொல்தா. இப்போது சுவரில் படமாக இருக்கிறார். ஒரே மகள் நத்தாலி பிரான்சில், லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை.

நத்தாலி கடைசியாக வந்தது ஊரடங்குக்கு முந்தைய ஜூலையில். அப்போது அங்கிருந்து இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே தானே ஆணியடித்து மாட்டினாள். அடுத்த வருஷம் விமானங்கள் நின்றுவிட்டன. அப்பாவின் அடக்கத்தைப் போன் திரையில்தான் பார்த்தாள். விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைப்பாள். "அடுத்த வக்கான்சுக்கு வரேன் மம்மா" என்பாள். வக்கான்ஸ் என்றால் அங்கத்திய விடுமுறை. ஜூலை வந்தால் எங்கள் தெருக்களில் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தம் ஓயாது. அந்த வீட்டு வாசலில் மட்டும் அந்தச் சத்தம் நிற்பதில்லை, கடந்து போய்விடும்.

நான் சுப்பையன். அம்பகரத்தூர்க்காரன். அப்பா நெல் சாகுபடி, எனக்குக் காரைக்காலில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலை, பக்கத்துத் தெருவில் வாடகை அறை. (தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள். போனில் மட்டும் பேசியவர்கள் நேரில் பார்த்ததும், "நீங்க அவரு பையனா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.)

அன்று மத்தியானம் நான் போய் உட்கார்ந்ததும் மத்லேன் அம்மா எப்போதும்போல் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தார். அந்த வீட்டு மனிதர்கள் எவர்சில்வர் டம்ளரில்தான் குடிப்பார்கள். பீங்கான் வருகிறவர்களுக்கு.

"நல்லா பேசிக்கிட்டே இருக்கா தம்பி. திடீர்னு வாயத் தொறந்தபடி அப்புடியே நின்னுடுறா. நான் ஓடிப்போய் வயரைப் புடுங்கிச் சொருகிட்டு வர்றதுக்குள்ள அவளுக்கு வேற வேலை வந்துடுது."

பெட்டியில் கோளாறு இல்லை. அதற்குள் ஓடும் மென்பொருள், ஃபர்ம்வேர் என்பார்கள், அது பழசாகிவிட்டது. செய்த கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது.

"கடையில வேற பெட்டி வாங்கிடலாங்கம்மா."

"வேணாம். இது அவ கையால மாட்டினது."

"அப்ப இதுலயே புது ஃபர்ம்வேர் ஏத்தலாம். உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதி சும்மா குடுக்குறாங்க. பெட்டி அதேதான், உள்ள இருக்குற ஆளு மட்டும் மாறுவாரு. ஆனா பழசு எல்லாம் அழிஞ்சிடும். வைஃபை பேரு, பாஸ்வேர்டு எல்லாம்."

அவர் சற்று யோசித்தார். "அப்ப நத்தாலி வந்தா, அவ போன்ல?"

"பாஸ்வேர்டு கேட்டு புதுசா போட்டுக்கணும்."

"அது ஆவாது" என்றார் உடனே. "அவ உள்ள வர்றப்பவே தானா புடிக்கணும் தம்பி. சக்கரப் பெட்டியை எறக்கி வச்சுட்டு, மம்மா பாஸ்வேர்டு என்னான்னு கேட்டான்னு வைங்க, அப்புறம் அவ விருந்தாளி. எம்மவ என் வீட்டுல பாஸ்வேர்டு கேக்கக் கூடாது."

கதை இவ்வளவுதான். அவள் கேட்கும்படி ஆகக் கூடாது. மற்றதெல்லாம் நான் சுற்றி வளைப்பது.

3

பெயரும் பாஸ்வேர்டும் பூட்டின் வகையும் பழையபடியே இருந்தால் போனுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே ஆள் மாறியதை அறியாமல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாஸ்வேர்டு என்ன? அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எல்லாக் கருவியிலும் நத்தாலியே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மத்லேன் அம்மாவின் டேப்லெட் அரதப்பழசு, பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் வரிசையாகப் புள்ளிகளைக் காட்டும், அவ்வளவுதான். பெட்டிக்குள் நுழைந்து பார்க்கலாமென்றால் அந்த வழியையும் வேறொரு பாஸ்வேர்டு போட்டு அடைத்திருந்தாள்.

"அவகிட்டயே கேட்டேன்" என்றார் மத்லேன் அம்மா. "எனக்கே ஞாபகம் இல்ல மம்மா, ஏதாவது புதுசா வச்சுக்கங்கன்னுட்டா. எவ்ளோ சுளுவா சொல்லிட்டா பாருங்க."

சொல்லிவிட்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். வரப்போகிறவள் புதுசா வைக்கச் சொல்லமாட்டாள் என்று அவர் நினைத்தது எனக்குக் கேட்டது. நானும் அதையேதான் நினைத்தேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. வைஃபையின் பெயர் மட்டும் தெருவுக்கே தெரியும்: 'ஜாந்தார்ம் வீடு'. ஜாந்தார்ம் என்றால் பழைய ஆட்கள் வாயில் போலீஸ். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாஸ்வேர்டு கேட்டு வரக்கூடாதென்று பயமுறுத்த நத்தாலி வைத்த பெயர். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தும் பிரான்சைப் பார்க்காத எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர்தான் பயந்தார். மற்ற எல்லோரும் கேட்டு வந்தார்கள். அதனால் பெயரையே யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிட்டாள். மறைத்த வைஃபைக்கு ஒரு குணம் உண்டு. அது தன் பெயரை வெளியே சொல்லாது. ஆகவே அதை அறிந்த போன்தான் போகிற இடமெல்லாம் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருக்கிறாயா? இங்கே இருக்கிறாயா? என்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்பதைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

பிரான்சுவாவின் ஜெபப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு துண்டுக் காகிதம்—

(எத்தனை கதைகளில் எத்தனை காகிதம் இப்படி விழுந்திருக்கிறது! குனிந்து பொறுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

லேப்டாப்பை இணைத்து, பெட்டியின் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டை நான் சாமர்த்தியமாக—

(விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.)

அந்த நேரம் பார்த்து லியோனிலிருந்து போன். "மம்மா! ஞாபகம் வந்துடுச்சு!"—

(இதை எழுதிவிட்டு அன்று முழுக்க ஒன்றும் எழுதவில்லை. அவள் குரலை அப்படி என் இஷ்டத்துக்கு வரவழைத்திருக்கக் கூடாது.)

நத்தாலி என்ற பாத்திரம் எனக்குச் சரியாக எழுத வரவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அம்மாவைப் பேசவிட்டால் கடகடவென்று பேசுகிறார். மகள் கதவருகே வந்து நிற்கிறாள். அவளுடைய மூக்கு, சிரிப்பு, உடை எதையும் நான் சொல்லவில்லை. தெரியாததால் அல்ல.

4

நான் இதுவரை சொல்லாமல் விட்டது இது. அந்தத் தெருவழியே போகும்போதெல்லாம் என் போன் ஜாந்தார்ம் வீட்டைத் தானாகப் பிடிக்கும்.

அந்த ஜூலையில், சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக நின்றிருந்தபோது, "கொண்டா அதை" என்று என் போனைப் பிடுங்கி அவளே பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தாள். "இனிமே நீ இந்தப் பக்கம் போனா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். அது பொய். அப்படியெல்லாம் லியோனில் தெரியாது. தெரியாதென்று எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

எங்கள் பழக்கம் யாருக்கும் தெரியாது. காரைக்காலில் பிறந்தவர்களுக்கு ஏனென்று விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குடியுரிமை இல்லாத ஒருவன் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தால், ஊர் அவன் சிரிப்பைப் பார்க்காது, அவன் பாஸ்போர்ட்டுக்கு அலைகிறான் என்று சொல்லும். பிரான்சுவா வாசலில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகும் பையன்கள் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்: "இவனுவளுக்குப் பொண்ணா வேணும்? நசியோனாலித்தே வேணும்." நசியோனாலித்தே என்றால் குடியுரிமை. அந்த வார்த்தை என் மேல் விழக் கூடாதென்று நான் அவளிடம் எதையுமே கேட்டதில்லை. வா என்றும் கேட்டதில்லை, வரட்டுமா என்றும் கேட்டதில்லை. பிரான்சுவா அவளுக்குப் பிரான்சில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். அவள் மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு லியோனுக்குப் புறப்பட்டாள். அவள் சொல்லாத அந்தப் பதில்தான் நான்.

போன்கள் மாறின. ஒவ்வொரு தடவையும் பழைய போனிலிருந்து எல்லாம் புதுசுக்கு வரும்போது அந்த வைஃபையும் கூடவே வந்தது. அதை அழித்துவிட ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். நான் அமுக்கவில்லை. அவளை எனக்கு இன்னும் பிடிக்கும், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆக, பாஸ்வேர்டு என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கொடுத்தால் மகள் விருந்தாளியாகமாட்டாள். ஆனால் அது என்னிடம் எப்படி வந்தது என்பதையும் மத்லேன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும், பிரான்சுவாவின் படத்துக்குக் கீழே நின்று.

"பாஸ்வேர்டு வந்துடுங்கம்மா, பாத்துக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.

5

நிறுவிய விதம். (இதில் ருசி இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் கரண்ட் போகிற இடம் ஒன்று இருக்கிறது.)

பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே இருக்கும் பொத்தானை ஊசியால் அழுத்திப் பிடித்தபடியே கரண்ட் கொடுக்க வேண்டும். விளக்கு வழக்கமில்லாத விதமாக மினுக்கத் தொடங்கியதும், லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாகப் புது ஃபர்ம்வேரை அனுப்ப வேண்டும். மத்லேன் அம்மாவின் தையல் ஊசிதான் உதவியது. ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி பாதியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு அது செங்கல், பரணில் வைக்கலாம். அதனால் முன்னதாகவே இன்வெர்ட்டர் பிளக்கில் மாற்றிச் செருகியிருந்தேன்.

ஏறத் தொடங்கியது. சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது. மின்விசிறி தடுமாறியது, இன்வெர்ட்டர் டக்கென்று பிடித்துக்கொண்டது. பெட்டியின் விளக்கு அணையவில்லை. "மோன் தியே" என்று கடவுளைக் கூப்பிட்டு மத்லேன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். என் கையில் ஊசி குத்தியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

பெட்டி எழுந்தது. பெயர் இல்லை, பூட்டு இல்லை, வைஃபையே இல்லை. இந்த வகை ஃபர்ம்வேர் தானாக எதையும் திறந்துவிடாது. நாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். முதலில் எந்த நாடு என்று கேட்டது. நாட்டுக்கு நாடு வைஃபை அலைக்குச் சட்டம் வேறு.

"பிரான்சுன்னே போடுங்க தம்பி. எங்க வீட்டுல எல்லாரும் அந்த நாட்டு ஆளுங்கதானே."

"பெட்டி நிக்கிற நாட்டைத்தாங்கம்மா போடணும்."

அவர் மாடிப்படிக்குக் கீழே பார்த்தார். "அப்ப இந்தியாதான். அது எங்கயும் போவல" என்றார்.

பெயர்: ஜாந்தார்ம் வீடு. மறைத்து வை: ஆம். பூட்டின் வகை: புதுசு, பலமானது என்று ஒன்றைப் பரிந்துரைத்தது. நான் பழையதையே எடுத்தேன். அவள் போனுக்குத் தெரிந்தது அதுதான். பிறகு பாஸ்வேர்டு கட்டம் வந்தது.

"ஒரு போன் பேசிட்டு வந்துடுறேங்கம்மா" என்று வாசலுக்கு வந்தேன். என் போனில் ஜாந்தார்ம் வீட்டைத் தொட்டு, பகிர் என்பதை அமுக்கி, விரல்ரேகை வைத்தேன். கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் பாஸ்வேர்டு. இத்தனை வருஷம் என் பையில் கிடந்தும் ஒருநாளும் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

ஆங்கில எழுத்தில் அம்பகரத்தூர் என்று இருந்தது.

என் ஊர். அரைமணி நேர பஸ். "ஒருநாள் உங்க ஊருக்கு என்னைக் கூட்டிட்டுப் போயேன், அம்மன் கோயிலைப் பாக்கணும்" என்று எத்தனையோ முறை சொன்னாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நான் தட்டிக்கொண்டே இருந்தேன். பார்க்காத ஊரின் பெயரைப் போட்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். (கணினிக் கூடத்தில் எந்தப் பிள்ளையாவது ஊர்ப்பெயரைப் பாஸ்வேர்டாக வைத்தால் கத்துவேன். அன்று கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.)

6

உள்ளே போய்த் தட்டினேன். சேமி என்று கொடுத்தேன். சிறிது நேரத்தில் மத்லேன் அம்மாவின் டேப் எதுவும் கேட்காமல் பிடித்துக்கொண்டது. "மோன் தியே, தானாவே!" என்று அவர் சிரித்தார். "பாஸ்வேர்டு எங்கேருந்து தம்பி எடுத்தீங்க?"

பெட்டிக்குள்ளிருந்து எடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மேசைமேல் லேப்டாப்புக்குப் பக்கத்தில் கிடந்த என் போன் டிங் என்றது. மறுபடி டிங். திரை ஒளிர்ந்து, மேல் ஓரத்தில் வைஃபைக் குறி வந்து நின்றது. கணினிக் கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மத்லேன் அம்மா என் போனைப் பார்த்தார். பிறகு என்னை.

"உங்க போனும் தானா புடிச்சிடுச்சே தம்பி."

"ஆமாங்கம்மா."

"நீங்க ஒருநாளும் பாஸ்வேர்டு கேட்டதில்லையே. நானும் குடுத்ததில்ல."

"இல்லைங்கம்மா."

"என்னா பாஸ்வேர்டு?"

"அம்பகரத்தூர்."

அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "உங்க ஊருல்ல?" என்றார். திரும்பி பிரான்சுவாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா, வருத்தமா, கணவரைக் கேலி செய்கிறாரா என்று முதுகுப்பக்கமிருந்து எனக்குத் தெரியவில்லை. (இந்த இடத்தில் அவர் மனசுக்குள் நுழைந்து எழுத எழுத்தாளனுக்கு உரிமை உண்டு. எனக்குத் தைரியம் வரவில்லை.)

பிறகு மேசையிலிருந்த பூப்போட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்துச் சாத்தினார்.

"இன்னொரு காப்பி குடிக்கலாம்" என்றார். "நீங்களே போடுங்க. டம்ளர் அந்தக் கூடையில இருக்கு. சர்க்கரை மேல் தட்டுல. எனக்குப் போட்டுடாதீங்க, சுகர்."

பால் பொங்கியது எனக்குத் தெரியவில்லை. அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் துணியை நீட்டினார்.

7

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை இவை.

நத்தாலி வருகிறாள், போன் தானாகப் பிடிக்கிறது. (எழுதும்போது அழுதேன். அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

நத்தாலி வருகிறாள், போன் புதுசு, பழையது எதுவும் அதில் இல்லை. "மம்மா, பாஸ்வேர்டு?" என்கிறாள். (அதற்குமேல் மத்லேன் அம்மாவின் முகத்தை எழுத முடியவில்லை.)

நத்தாலி வரவில்லை. நான் தெருவில் போகிறேன், போன் பிடிக்கிறது, தெரு முனையில் விட்டுவிடுகிறது. (இது தினமும் நடப்பது. இதை முடிவு என்று எப்படிச் சொல்வது?)

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன், திரையில் தெரியாத இடத்தில், டம்ளரோடு. படம் விக்கலில்லாமல் ஓடியது. "பெட்டி சரியாயிடுச்சா மம்மா? யாரு பண்ணது?" என்று கேட்டாள்.

"நம்ம வீட்டு ஆளுதான்" என்றார் மத்லேன் அம்மா. "பாஸ்வேர்டு மாத்தல. உன் பழசேதான்."

திரையில் நத்தாலி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். மத்லேன் அம்மா பதறி எழுந்து, வழக்கப்படி வயரைப் பிடுங்க மாடிப்படிக்குப் போனார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். படம் நிற்கவில்லை. அவள் கண் இமைத்துக்கொண்டிருந்தது.

இப்போது ஜூலை. தெருவில் சக்கரப் பெட்டிகள் உருளுகின்றன. அவள் போனில் அது இன்னும் இருக்கிறதா, எப்போதோ பொத்தானை அமுக்கி அழித்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. இருந்தால், லியோனில் டிராமுக்கு நிற்கும்போதும் ரொட்டிக்கடை வரிசையிலும் அது அவளுக்கே தெரியாமல் ஜாந்தார்ம் வீட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். என் போன் காரைக்கால் பஸ் நிலையத்தில் கூப்பிடுகிற மாதிரியே.

நிறுத்தி வைத்த வாக்கியத்தை உங்களிடம் தருகிறேன். எனக்கு அதை முடிக்கத் தெரியவில்லை. இஷ்டம்போல முடித்துக்கொள்ளுங்கள், தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. அவளை மட்டும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடாதீர்கள்.

நத்தாலி வாசல் கம்பிக்கதவைத் திறந்துகொண்டு—